நான் படித்துச் சொல்லாத கடிதங்கள்

1

இங்கே தபால்காரர் கதவைத் தட்டுவதில்லை. கதவின் நடுவில் பித்தளை மூடி போட்ட ஒரு பிளவு இருக்கிறது. அதன் வழியாகக் கடிதங்களைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். மூடி திரும்ப விழும்போது ஒரு சத்தம் கேட்கும். அதற்கு அடுத்தபடியாக, நான்கு ஆண்டுகளாக, எனக்கு இன்னொன்றும் கேட்கிறது.

"என்னாங்க, என்னா எழுதியிருக்குது?"

என் மனைவி ராணியின் குரல். சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்பது போல இருக்கும். வருகிற வியாழக்கிழமையோடு அவள் போய் நான்கு ஆண்டுகள் முடிகின்றன. வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான். என் காதில் கோளாறு இல்லை, போன மாதம்தான் சோதித்தார்கள். மனப்பிரமை என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தபால் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குரல் கேட்பதில்லை என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு வயது எழுபத்து நான்கு. முதல் எட்டு ஆண்டுகள் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. பிறகு இருபத்தோரு ஆண்டுகள் தபால் பிரிக்கும் கூடத்தில். ராணி ஒரு சலவை நிலையத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்தாள். உடன் வேலை செய்தவர்கள் எல்லாம் பஞ்சாபிப் பெண்கள். கையாலும் சிரிப்பாலும் பேசிக்கொண்டார்கள். ஆங்கிலம் படிக்க அவள் கற்கவில்லை, நானும் சொல்லித்தரவில்லை. மாலை நாலரை மணிக்கு மேசையில் டீயை வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்காருவாள். நான் ஒவ்வொரு உறையாகக் கிழித்து, தமிழில் படித்துச் சொல்வேன்.

இந்த வழக்கம் என் அப்பாவிடமிருந்து வந்தது. ஊரில் எங்கள் தெருவில் அப்போது எழுத்துத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். தெருவுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அப்பாவிடம் கொண்டுவருவார்கள். அவர் படித்துச் சொல்வார். கெட்ட சேதியாக இருந்தால் கொஞ்சம் மாற்றிப் படிப்பார். "செத்துப்போனார்" என்று எழுதியிருந்தால் "உடம்பு ரொம்ப முடியலையாம், உடனே கிளம்பு" என்பார். எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் குறை சொன்னதில்லை. படிக்கத் தெரிந்தவன் மற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது என்றே நானும் நினைத்து வளர்ந்தேன்.

இந்தத் திங்கட்கிழமை வந்த தபால் மூன்று. குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று ஒன்று, இந்த ஆண்டில் நான்காவது முறையாக. அக்கிக்குத் தடுப்பூசி போட வரச்சொல்லி ஒன்று. மூன்றாவது தடித்த உறை. அதைப் பிரிக்காமலே என்னவென்று தெரியும். குடல் புற்றுநோய்ச் சோதனைக்கான பெட்டி.

அதே காலையில் ஊரிலிருந்து கைபேசிக்கு ஒரு குரல் செய்தியும் வந்தது. ராணியின் தங்கை புஷ்பா. ஐம்பத்தேழு வயது, ஐயம்பேட்டையில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர்.

"மாமா, வியாழக்கெழம அக்கா ஜெபத்துக்கு எல்லாம் சொல்லிட்டேன். பாஸ்டர் ஆறரைக்கு வராரு. நீங்க வீடியோல வந்துடுங்க. அப்பறம் இன்னொண்ணு. சனிக்கெழம வாலாஜாபாத்துக்கு மாரு ஸ்கேன் பண்ற வண்டி வருதாம். நர்சம்மா என் பேரையும் எழுதிக்கினு போச்சு. நான் அடிச்சிடுங்கன்னு சொல்லிட்டேன். அக்காவே போவல, நான் என்னாத்துக்குப் போவறது?"

இந்தச் செய்தியை ஐந்து முறை கேட்டேன். ராணியைப் பார்த்த டாக்டர், "உங்கள் மனைவியின் உடன்பிறந்த பெண்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லியிருந்தார். உடன்பிறந்தவள் ஒருத்திதான். அவள் போக மறுப்பதற்குக் காரணம் நான். எப்படி என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

மறுநாள் தடுப்பூசிக்குப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து மருத்துவ நிலையத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. பத்து பத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள், பத்து இருபத்தொன்றுக்குக் கூப்பிட்டார்கள். தாமதத்துக்கு யாரும் வருத்தம் சொல்லவில்லை. நர்ஸ் கானா நாட்டுப் பெண். எனக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர், என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறார்.

என் இடது கையில் அம்மைப்பால் வைத்த தழும்புகள் இரண்டு இருக்கின்றன. அதைத் தொட்டுப் பார்த்து, "நீங்கள் பழைய காலத்து ஆள்" என்றார். எங்கள் ஊரில் ஊசி என்றால் குழந்தைகளுக்கு. பெரியவனுக்கு ஊசி என்றால் ஆணி குத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் நாய் கடித்திருக்க வேண்டும். ஒன்றும் ஆகாதவன் போய்க் கையை நீட்டினால் சிரிப்பார்கள்.

அக்கி என்றதும் அப்பாவின் முதுகுதான் நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம். எங்கள் பாஸ்டருக்குத் தெரியாமல் அவரை முசரவாக்கத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு குயவர் காவியைக் குழைத்து முதுகில் சிங்கம் எழுதினார். பதினோரு நாளில் கொப்புளம் காய்ந்தது. வலி மட்டும் எட்டு மாதம் இருந்தது. சட்டை உரசினால்கூட அப்பா பல்லைக் கடிப்பார். மறு ஞாயிறு கோயிலில் பாஸ்டர் முதுகில் தட்டிக்கொடுத்தபோது அவர் போட்ட கூச்சலில் ரகசியம் வெளியே வந்துவிட்டது.

இதைச் சொன்னேன். நர்ஸ் சிரித்துவிட்டு, பிறகு சொன்னது என்னைச் சிரிக்கவிடவில்லை. சிறுவயதில் அம்மை வந்ததுண்டா, வந்தது தட்டம்மையா சின்னம்மையா என்று கேட்டார். சின்னம்மை என்றேன். அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதே இல்லையாம். நரம்பின் அடியில் படுத்துக்கிடக்குமாம். ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழித்து, வயதாகி உடம்பு தளரும்போது எழுந்து வருமாம். அதுதான் அக்கி. ஊசி அதை எழாமல் பார்த்துக்கொள்ளும், எழுந்தாலும் வேகத்தைக் குறைக்கும். இரண்டு தவணை, நடுவில் சில மாதம் இடைவெளி. குளிர்காலக் காய்ச்சலுக்கு ஆண்டுக்கு ஒன்று, நிமோனியாவுக்கு ஒன்று என மற்றவற்றை எனக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

பிறகு திரையைப் பார்த்தார். "குடல் சோதனைப் பெட்டி வந்ததா?"

"வந்தது. போன முறை மறந்துவிட்டேன்."

"ஏழு முறையுமா?"

அறுபதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒன்று. ஏழு என்பது சரியான கணக்குதான். 

"உடம்பில் ஒரு தொல்லையும் இல்லாதபோது செய்வதுதான் இந்தச் சோதனை" என்றார். "தொல்லை வந்துவிட்டால் இதற்குக் காத்திருக்கக் கூடாது, நேரே டாக்டரிடம் வர வேண்டும். இது எல்லாவற்றையும் பிடித்துவிடாது. பிடிப்பதை முன்னாலேயே பிடிக்கும். எழுபத்தைந்துக்குப் பிறகு நாங்களாக அனுப்ப மாட்டோம். இது உங்கள் கடைசிப் பெட்டி."

3

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. விரல் நீளத்தில் ஒரு குப்பி, அதன் மூடியில் ஒரு குச்சி. மலத்தில் குச்சியால் தொட்டு, குப்பிக்குள் செருகி, கொடுத்திருக்கும் உறையில் போட்டுத் தபாலில் சேர்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். முதன்முதலில் வந்தபோது எனக்குக் கோபமே வந்தது. இருபத்தோரு ஆண்டு தபாலைக் கையால் தொட்டவன் நான். இன்னொரு தொழிலாளியின் கைக்கு இதையா அனுப்புவது என்று ஐந்து பெட்டிகளைக் குப்பையில் போட்டேன். ஆறாவதையும் ஏழாவதையும் போட்டதற்குக் காரணம் அது இல்லை. ராணிக்குக் கிடைக்கவிடாத ஒன்றை எனக்கு மட்டும் எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

இங்கே பெண்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மார்பகச் சோதனைக்கு அழைப்பு வரும். ராணிக்கு முதல் கடிதம் வந்தபோது அவளுக்கு ஐம்பத்தொன்று. நாலரை மணி. நான் உறையைக் கிழித்தேன். எங்கள் மகள் ரேகா அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். கடிதத்தின் முதல் வரியிலேயே அந்தச் சொல் இருந்தது.

முப்பது ஆண்டு குடும்பம் நடத்தியவன், அந்தச் சொல்லை அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்த காலத்தில் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டபோதுகூட, டாக்டரிடம் நான் "நெஞ்சு வலி" என்று சொல்ல, அவர் இதயத்தைச் சோதித்து அனுப்பிவிட்டார். கடிதத்தில் இயந்திரம் என்றும் இருந்தது. அதை இயக்குபவன் ஆணாக இருப்பான் என்று நானாகவே முடிவு செய்தேன்.

"என்னா எழுதியிருக்குது?"

"ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரில நம்ம அட்ரஸ் சரியா இருக்குதான்னு கேக்கறாங்க."

"அதுக்கு ஏன் இம்மா நேரம் பாத்துக்கினு இருக்கீங்க?"

"எழுத்து சின்னதா இருக்குது."

"கண்ணாடிய மாத்துங்க மொதல்ல" என்று சொல்லிவிட்டு டீக்கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்பா மாற்றிப் படித்தது போலத்தான் நானும் படித்தேன் என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பா சேதியை மென்மையாக்கினார், ஆனால் சேர்த்தார். "உடனே கிளம்பு" என்பதை அவர் விட்டதில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

மூன்று ஆண்டு கழித்து இரண்டாவது. மறுபடி மூன்று ஆண்டு கழித்து மூன்றாவது. எதையும் நான் எறியவில்லை. துளை போட்டு, தேதி வரிசையில் கோப்பில் வைத்தேன். நான் வேலை பார்த்த கூடத்தில், ஒருவர் பெயருக்கு வந்த கடிதத்தை அவரிடம் சேர்க்காமல் வைத்துக்கொண்டால் வேலை போய்விடும். என் காலத்தில் இரண்டு பேருக்குப் போயிற்று. மூன்று கடிதங்கள் வந்த ஆண்டுகளிலும் நான் அந்த வேலையில்தான் இருந்தேன்.

அவள் இறந்த பிறகு ஒருநாள் கோப்பை எடுத்தேன். கடிதங்கள் இரண்டு பக்கம் கொண்டவை. நான் ஒருமுறையும் திருப்பவில்லை. பின்பக்கத்தில் மூன்றாவது வரி: சோதனை செய்பவர்கள் அனைவரும் பெண்கள். அதற்குக் கீழே, உங்கள் மொழியில் இக்கடிதம் வேண்டுமானால் கேளுங்கள் என்று பதினான்கு மொழிகளின் பட்டியல் இருந்தது. தமிழ் பன்னிரண்டாவது.

4

அறுபதாவது வயதில் ஒருநாள் குளிக்கும்போது ராணி தானாகவே கண்டுபிடித்தாள். என்னிடம் "நெஞ்சாண்ட ஒரு உருண்ட" என்றாள். டாக்டரிடம் போனோம். வேற்றுமொழி பேசுபவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள். நான் இருக்கும்போது எதற்கு என்று சொல்லிவிட்டேன்.

அந்த டாக்டர் அம்மாள் திரையைப் பார்த்து, ராணியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "மூன்று முறை அழைத்திருக்கிறோம். நீங்கள் வரவில்லை. வேண்டாம் என்று நினைத்தீர்களா?"

ராணி என்னைப் பார்த்தாள். "என்னா கேக்கறாங்க?"

"முன்னாடி எப்பனா வலி இருந்துதான்னு கேக்கறாங்க."

அவள் தலையை ஆட்டினாள். "இல்லன்னு சொல்லுங்க."

நான் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அவளுக்கு விருப்பமில்லை."

அவள் தலையாட்டியதை டாக்டரும் பார்த்தார். தட்டச்சு செய்துகொண்டார். ராணி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

முன்பே சோதித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பின்னால் அந்த டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாது. சின்னதாக இருக்கும்போது தெரிந்திருந்தால் வழிகள் அதிகம் இருந்திருக்கும்" என்றார். என் மீது பழி இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவருக்குத்தான் விஷயமே தெரியாதே.

இரண்டு ஆண்டு இருந்தாள். இறந்த பிறகு விசாரித்தவர்களிடம், "மூணு தடவ கூப்பிட்டாங்க, அவதான் போவலன்னுட்டா" என்றேன். எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர். அதில் ஒருத்தி புஷ்பா. இன்னொருத்தி எங்கள் மகள். ரேகா ஆண்டுதோறும் தவறாமல் சோதித்துக்கொள்கிறாள். "நான் அம்மா மாதிரி பிடிவாதக்காரி இல்லப்பா" என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இது அச்சில் வந்தாலும் அவள் கண்ணில் படாது. அவளிடம் நேரில்தான் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

5

வியாழக்கிழமை. ஊரில் மாலை ஆறரை, இங்கே பிற்பகல் இரண்டு. புஷ்பாவின் வீட்டு முன்னறையில் ராணியின் படத்துக்கு ரோஜா மாலை. பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் ஜெபித்தார். மீனை இன்னும் குழம்பில் போடவில்லை என்று யாரோ உள்ளேயிருந்து கத்தியதும் ஜெபம் கொஞ்சம் சுருங்கியது. எல்லோரும் எழுந்த பிறகு புஷ்பா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"சாப்ட்டீங்களா மாமா? மூஞ்சி சொங்கிப்போயிருக்குது."

"புஷ்பா, சனிக்கெழம அந்த வண்டிக்குப் போயிட்டு வாம்மா."

"ஐய, இதுக்குத்தான் இப்டி உக்காந்துக்கினு இருக்கீங்களா! அக்கா அம்மாம் பெரிய ஊர்ல இருந்துக்கினு, மூணு தபா வூட்டுக்கே கடுதாசி போட்டும் போவல. அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது? மெஷின்ல வெச்சி நசுக்கறாங்களாமே. அதான் வேணாம்னுட்டா. அவ செஞ்சது சரியாத்தான் இருக்கும்."

"அவ வேணாம்னு சொல்லல."

"நீங்கதான சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். அவ சொல்லல. அப்டி ஒரு கடுதாசி வந்ததே அவளுக்குத் தெரியாது. நான் படிச்சிச் சொல்லல."

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. பின்னால் யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவள் திரும்பவில்லை.

"அக்கா கேக்கலையா?"

"கேட்டா. என்னா எழுதியிருக்குதுன்னு கேட்டா."

"நீங்க?"

"அட்ரஸ் சரியா இருக்குதான்னு கேக்கறாங்கன்னு சொன்னேன்."

"மூணு தபாவுமா?"

"ஆறு. வரலன்னா இன்னொரு கடுதாசி போடுவாங்க. அதோட சேத்து ஆறு."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். ராணியின் கண்கள்தான் அவளுக்கும்.

"இப்பவும் எண்ணிக்கினு இருக்கீங்களே மாமா" என்றாள். திரை அணைந்தது.

6

மறுநாள் பெட்டியைப் பிரித்தேன். விளக்கத்தாளின் இரண்டு பக்கத்தையும் படித்தேன். சொன்னபடி செய்தேன். உறையை ஒட்டித் தெருமுனைத் தபால்பெட்டிக்குக் கொண்டுபோனேன், நூற்றுநாற்பது காலடி. உள்ளே போட்ட பிறகு கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன். இந்த உறையைத் தொடப்போகிற ஆளை நினைத்துக்கொண்டேன். அவன் அதைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுவான்.

சனிக்கிழமை போனது. புஷ்பாவிடமிருந்து ஒன்றும் இல்லை. அவள் வண்டிக்குப் போனாளா என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை. தினமும் காலையில் அவள் அனுப்பும் ஒரு வேதவசனமும் பூப்படமும் நின்றுவிட்டன. கதவின் பித்தளை மூடி ஏழு நாள் விழுந்தது, ஏழு நாளும் ராணியின் குரல் கேட்டது.

பத்தாம் நாள் ஒரு குரல் செய்தி.

"மாமா. வாலாஜாபாத் போயிட்டு வந்தேன். வண்டிக்குள்ள எல்லாம் பொம்பளைங்கதான். நசுக்கறாங்கதான், ஆனா உசுரு போவல. ரிப்போர்ட்டு வந்திருக்குது, எல்லாம் இங்கிலீஷு. ஜான்சன் படிச்சிச் சொல்றேம்மான்னான், நான் அவங்கிட்ட குடுக்கல. உங்களுக்கு அனுப்பறேன். என்னா எழுதியிருக்குதுன்னு நீங்கதான் சொல்லணும்."

ஜான்சன் அவள் மகன், டிப்ளமா படித்தவன். அவனே படித்துச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு படங்கள் வந்தன. அவற்றைத் திறந்து பார்ப்பதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள். மணி நாலரை இல்லை, பதினொன்றே கால். இருந்தாலும் மேசைக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்க மாமா."

"முதல்ல உன் பேரு, வயசு போட்டிருக்குது. வயசு அம்பத்தெட்டுன்னு தப்பா இருக்குது."

"அத வுடுங்க. அடுத்தது."

"வலது மாரு. அதுல ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்குது."

எழுபத்து நான்கு வயதில் அந்தச் சொல்லை ஒரு பெண்ணிடம் முதன்முதலாகச் சொன்னேன். அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

"ம்."

முதல் பக்கம் முடிந்தது. இரண்டாவது படத்தைத் திறந்தேன். எழுத்து சின்னதாகத்தான் இருந்தது. விரலால் பெரிதாக்கினேன். படித்தேன். நிறுத்திவிட்டேன்.

"என்னா எழுதியிருக்குது?"

போனில் கேட்டதா, சமையலறையிலிருந்து கேட்டதா என்று அந்த நொடியில் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே குரலாக இருந்தன.

"எடது மாருல ஒரு சின்ன நெழல் தெரியுதுன்னு போட்டிருக்குது. ஒன்பது மில்லிமீட்டர். என்னான்னு இப்பவே சொல்ல முடியாது, இன்னொரு ஸ்கேன் எடுக்கணும், தேவைப்பட்டா ஊசி வெச்சி ஒரு துளி எடுத்துப் பாக்கணும். ரெண்டு வாரத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வரணும்."

 தூரத்தில் ஒரு ஷேர் ஆட்டோவின் ஹாரன் கேட்டது.

"கொறச்சிச் சொல்லலியே?"

"இல்லம்மா."

"அப்ப புதன்கெழம போறேன். ஜான்சன் லீவு போட்டுக் கூட்டிக்கினு போவான். வேற என்னா இருக்குது?"

டாக்டரின் கையெழுத்து இருக்கிறது என்றேன். தேதியைப் படித்தேன். அதற்குக் கீழே, வலது மூலையில், பக்கம் இரண்டில் இரண்டு என்று போட்டிருந்தது. அதையும் படித்துச் சொன்னேன்.